செவ்வாய் நிற்கும் பாகையைக் கையால் கணிப்பது எப்படி

ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர், இரண்டு தாள், ஒரு மணி நேரம். இவ்வளவு இருந்தால் 1800 முதல் 2050 வரை எந்தத் தேதிக்கும் செவ்வாய் வானில் நிற்கும் இடத்தை ஓரிரு கலைக்குள் கணித்துவிடலாம். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. முழுநிலவின் அகலம் சுமார் 30 கலை என்பதை நினைவில் வைத்தால், ஓரிரு கலை எவ்வளவு சிறிய பிழை என்பது புரியும்.

வேலை இரண்டே பகுதி. முதலில் சூரியனில் நின்று பார்த்தால் கோள் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காண வேண்டும். பிறகு பார்வையைப் பூமிக்கு மாற்ற வேண்டும். பஞ்சாங்கக் கணிதம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மந்த ஸம்ஸ்காரம், சீக்ர ஸம்ஸ்காரம் என்று சித்தாந்தங்கள் பிரித்து வைத்திருப்பதும் இந்த இரண்டைத்தான். அவர்கள் வட்டங்களை வைத்துச் செய்ததை, 1609-ல் கெப்லர் நீள்வட்டத்தை வைத்துச் செய்தார். அவர் எடுத்துக்கொண்டதும் செவ்வாயைத்தான். வானாய்வாளர் டைக்கோ பிராகே அளந்து வைத்த இடங்களுக்கும் வட்டப் பாதைக் கணக்குக்கும் இடையே 8 கலை இடித்தது. அதைப் பொறுத்துக்கொள்ள மறுத்ததில்தான் நீள்வட்டம் பிறந்தது.

எடுத்துக்காட்டுக்கு 2025 ஜனவரி 16, காணும் பொங்கல் அன்று காலை 5:30 மணியை எடுத்துக்கொள்வோம். உலக நேரப்படி அது சரியாக 0 மணி. செவ்வாய் அன்று எதிர்நிலைக்கு வந்தது. அதாவது பூமியின் ஒரு பக்கம் சூரியன், நேர் மறுபக்கம் செவ்வாய். விடை சரியா என்று சோதிக்க இதைவிட நல்ல நாள் கிடையாது.

தேவையான எண்கள்

ஒரு கோளின் பாதையையும் அதில் கோள் இருக்கும் இடத்தையும் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். பாதை எவ்வளவு பெரியது, எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது, நீள்வட்டத்தில் சூரியனுக்கு மிக அருகில் வரும் முனை எந்தப் பக்கம், கோள் இப்போது எங்கே. ஆறும் 2000 ஜனவரி 1 நண்பகலுக்கு உரியவை. அடுத்து வருவது ஒரு நூற்றாண்டுக்கு அந்த எண் எவ்வளவு மாறுகிறது என்பது.

செவ்வாய்:
அரைப்பேரச்சு (பாதையின் அளவு) 1.52371034 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் சராசரித் தூரம் ஒரு அலகு), மாற்றம் 0.00001847
மையத்தொலைத்தகவு (எவ்வளவு நீண்டது, இனி சுருக்கமாக 'தகவு') 0.09339410, மாற்றம் 0.00007882
சாய்வு 1.84969142 பாகை, மாற்றம் −0.00813131
சராசரி நெட்டாங்கு (சீரான வேகத்தில் போனால் கோள் இருக்கும் திசை) −4.55343205 பாகை, மாற்றம் 19140.30268499
சூரிய அண்மைப் புள்ளியின் (சூரியனுக்கு மிக அருகில் வரும் இடம்) நெட்டாங்கு −23.94362959, மாற்றம் 0.44441088
ஏறுகணுவின் (பூமியின் பாதைத் தளத்தை வடக்கு நோக்கிக் கடக்கும் இடம்) நெட்டாங்கு 49.55953891, மாற்றம் −0.29257343

பூமி:
அரைப்பேரச்சு 1.00000261, மாற்றம் 0.00000562
மையத்தொலைத்தகவு 0.01671123, மாற்றம் −0.00004392
சராசரி நெட்டாங்கு 100.46457166, மாற்றம் 35999.37244981
அண்மைப் புள்ளி 102.93768193, மாற்றம் 0.32327364

பூமியின் சாய்வை விட்டுவிடலாம். பூமியின் பாதையை வைத்துத்தான் மற்றவற்றின் சாய்வையே அளக்கிறோம். இன்னொன்று: இந்தப் பூமி எண்கள் உண்மையில் பூமியும் நிலாவும் சேர்ந்த பொது மையத்துக்கு உரியவை. பூமியின் மையம் அதிலிருந்து சுமார் 4,700 கி.மீ. தள்ளி இருப்பதால் நம் விடையில் 10 விகலை வரை ஆடும். இந்தக் கணக்குக்கு அது பொருட்டல்ல.

நேரத்தை நூற்றாண்டாக மாற்றுதல்

2000 ஜனவரி 1 நண்பகலிலிருந்து நாட்களை எண்ணுங்கள். 25 ஆண்டுக்கு 9125 நாள். 2000 முதல் 2024 வரை லீப் நாட்கள் 7. ஜனவரி 16 வரை இன்னும் 15. தொடக்கம் நள்ளிரவு அல்ல, நண்பகல் என்பதால் அரை நாள் கழிக்க வேண்டும். ஆக 9146.5 நாள். 36525-ஆல் வகுத்தால் 0.25041752.

பெரும்பாலான கணக்குகள் கெட்டுப்போவது இந்த முதல் படியில்தான். அந்த அரை நாளை மறந்தால் பூமி அரைப் பாகை தள்ளிப்போகும். இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க மறந்தால் கிட்டத்தட்டக் கால் பாகை. நான்கு தசமத்தோடு நிறுத்தி 0.2504 என்று போட்டால் பூமி 0.63 பாகை தவறும், ஏனென்றால் அந்தச் சின்ன வெட்டு அடுத்து 35999-ஆல் பெருக்கப்படுகிறது. எட்டுத் தசமமும் வேண்டும்.

இப்போது ஒவ்வொரு எண்ணுடனும் மாற்றத்தை இந்த 0.25041752-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். செவ்வாய்க்குக் கிடைப்பவை: அரைப்பேரச்சு 1.523715, மையத்தொலைத்தகவு 0.0934138, சாய்வு 1.84766, ஏறுகணு 49.48627. சராசரி நெட்டாங்கு 4788.51374 என்று வரும். 360-ன் மடங்குகளைக் கழித்தால் 108.51374. அண்மைப் புள்ளி −23.83234, அதாவது 336.16766.

நெட்டாங்கிலிருந்து அண்மைப் புள்ளியைக் கழித்தால் வருவது சராசரிக் கோணம்: 132.34608 பாகை. கோள் சீரான வேகத்தில் வட்டமடித்திருந்தால் அண்மைப் புள்ளியைத் தாண்டி இவ்வளவு தூரம் போயிருக்கும். புரோகிராம் எழுதுபவர்கள் கவனிக்க: பல மொழிகளில் மீதி காணும் குறி எதிர்மறை எண்ணுக்கு எதிர்மறை விடையே தரும். வந்த விடையோடு 360 கூட்டிக்கொள்ளுங்கள்.

கெப்லர் சமன்பாடு

கோள் சீரான வேகத்தில் போவதில்லை. சூரியனுக்கு அருகில் விரைவாகவும் தூரத்தில் மெதுவாகவும் போகிறது. சூரியனிலிருந்து கோளுக்கு இழுத்த கோடு சம நேரத்தில் சம பரப்பைக் கடக்கும் என்பது விதி. அந்தப் பரப்பைக் கோணமாக மாற்ற இடையில் ஒரு துணைக்கோணம் தேவைப்படுகிறது:

துணைக்கோணம் − தகவு × சைன்(துணைக்கோணம்) = சராசரிக் கோணம்

தெரிந்தது வலப்பக்கம், வேண்டியது இடப்பக்கத்தில் சைனுக்கு உள்ளேயும் வெளியேயும் சிக்கிக் கிடக்கிறது. அதை நேராகப் பிரித்தெடுக்க வழியில்லை. ஊகித்துத் திருத்தித்தான் போக வேண்டும்.

பாகையில் கணக்குப் போடுவதால் தகவையும் பாகையாக்க வேண்டும்: 0.0934138 × 57.29578 = 5.35222. பிறகு கால்குலேட்டரில் 132.34608 என்று அடித்து சமக்குறியை அழுத்துங்கள். அடுத்து 132.34608 + 5.35222 × சைன் போட்டு, முந்தைய விடையைத் தரும் ஆன்ஸ் பொத்தானை அழுத்துங்கள். அதன் பிறகு சமக்குறியை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்தினால் போதும்.

136.3019
136.0437
136.0611
136.0599
136.0600

ஐந்தாவது அழுத்தலில் நின்றுவிட்டது. துணைக்கோணம் 136.0600 பாகை. எண்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடி அடங்குவதைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பிழை 'தகவு × கொசைன்' மடங்காகச் சுருங்குகிறது. இங்கே அது 0.067, அதுவும் எதிர்மறை. அதனால்தான் ஊசல், அதனால்தான் இத்தனை வேகம்.

விடை 132.41 என்று வந்து அங்கேயே நின்றால் 57.29578-ஆல் பெருக்க மறந்திருக்கிறீர்கள் என்று பொருள். எக்செல்லில் செய்பவர்களுக்கு வேறு வகைத் தொல்லை: அதன் சைன் ரேடியனில்தான் கேட்கும். பாகையை அப்படியே கொடுத்தால் ஏதோ ஒரு எண்ணைக் கூச்சமில்லாமல் கொடுத்துவிடும், பிழை என்றும் சொல்லாது.

இந்த எளிய வழி எல்லாக் கோள்களுக்கும் போதும். வால்மீனுக்குப் போதாது. ஹாலி வால்மீனின் தகவு 0.967. அண்மைப் புள்ளிக்குப் பக்கத்தில் பிழை ஒவ்வொரு சுற்றுக்கும் சில சதவீதமே குறையும், விரல் வலிக்கும் வரை அழுத்தினாலும் அடங்காது. அங்கே நியூட்டன் முறை வேண்டும்: மிச்சமிருக்கும் பிழையை, ஒன்றிலிருந்து 'தகவு × கொசைன்' கழித்து வரும் எண்ணால் வகுத்து, ஊகத்திலிருந்து கழிக்க வேண்டும். வகுக்கும் எண்ணில் தகவை 0.967 என்றே போடுங்கள், பாகையாக்கக் கூடாது. முதல் ஊகமாகச் சராசரிக் கோணத்தை வைத்தால் சில சமயம் விடை எங்கோ தெறித்து ஓடும். 180 பாகையில் தொடங்கினால் ஓடாது.

சூரியனிலிருந்து திசையும் தூரமும்

நீள்வட்டத்தின் நீள அச்சின் வழியே எவ்வளவு, அதற்குக் குறுக்கே எவ்வளவு என்று இரண்டு அளவு.

நீளவாட்டம் = அரைப்பேரச்சு × (துணைக்கோணத்தின் கொசைன் − தகவு) = 1.523715 × (−0.720067 − 0.093414) = −1.23951

குறுக்குவாட்டம் = அரைப்பேரச்சு × தகவின் வர்க்கத்தை ஒன்றிலிருந்து கழித்ததன் வர்க்கமூலம் × துணைக்கோணத்தின் சைன் = 1.523715 × 0.995627 × 0.693905 = 1.05269

இங்கே தகவு மீண்டும் வெறும் 0.0934138. பாகையாக்கிய 5.35 கெப்லர் சமன்பாட்டோடு முடிந்தது.

இந்த இரண்டையும் தூரமாகவும் கோணமாகவும் மாற்ற வேண்டும். கேசியோ கால்குலேட்டரில் 'போல்' என்ற செயல் இரண்டையும் ஒரே அடியில் தரும்: தூரம் 1.62621, கோணம் 139.660. வெறும் தலைகீழ் டான் போட்டால் −40.34 என்று வரும். அது சூரியனுக்கு நேர் மறுபக்கம். புரோகிராமில் இரண்டு எண் வாங்கும் ஏடான்2 இந்தச் சிக்கலைத் தீர்க்கும், ஆனால் பெரும்பாலான மொழிகளில் குறுக்குவாட்டம் முதலில் வரும், எக்செல்லில் மட்டும் நீளவாட்டம் முதலில் வரும்.

139.660 உடன் அண்மைப் புள்ளி 336.168-ஐக் கூட்டி 360 கழித்தால் 115.827. செவ்வாயின் பாதை 1.85 பாகை சாய்ந்திருப்பதால் இன்னும் ஒரு சின்ன திருத்தம். ஏறுகணுவிலிருந்து தூரம்: 115.827 − 49.486 = 66.341. அதன் இருமடங்கின் சைனை 0.0149-ஆல் பெருக்கி நெட்டாங்கிலிருந்து கழியுங்கள். 0.011 போக 115.816. சாய்வின் சைனையும் 66.341-ன் சைனையும் பெருக்கினால் அகலாங்கின் (பூமியின் பாதைத் தளத்திலிருந்து வடக்கே அல்லது தெற்கே விலகும் கோணம்) சைன்: 0.02953, அதாவது அகலாங்கு 1.692 பாகை வடக்கு.

பூமிக்கும் இதே வேலை. சராசரிக் கோணம் 12.31959, துணைக்கோணம் 12.5271, உண்மைக் கோணம் (செவ்வாய்க்கு 139.660 வந்ததைப் போல) 12.7364, தூரம் 0.98370, நெட்டாங்கு 115.755.

செவ்வாயின் 115.816-ஐயும் பூமியின் 115.755-ஐயும் பாருங்கள். சூரியனிலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கின்றன. எதிர்நிலை என்பதே இதுதான். இங்கேயே எண்கள் வெகுவாக விலகியிருந்தால் மேலே போகாமல் திரும்பி வாருங்கள்.

பூமிக்கு மாறுதல்

ஒவ்வொரு கோளுக்கும் தூரத்தை நெட்டாங்கின் கொசைனாலும் சைனாலும் பெருக்கி இரண்டு அளவு எடுங்கள். செவ்வாய்க்கு அகலாங்கின் கொசைனையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். மூன்றாவது அளவு தூரம் × அகலாங்கின் சைன்.

செவ்வாய்: −0.70788, 1.46327, 0.04803
பூமி: −0.42744, 0.88598, 0

செவ்வாயிலிருந்து பூமியைக் கழித்தால் −0.28044, 0.57729, 0.04803. முதல் இரண்டையும் மறுபடி 'போல்' செய்தால் கோணம் 115.910. மூன்றின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் தூரம் 0.6436 வானியல் அலகு, சுமார் 9.63 கோடி கி.மீ. மூன்றாவது அளவைத் தூரத்தால் வகுத்துத் தலைகீழ் சைன் போட்டால் பூமியிலிருந்து அகலாங்கு 4.28 பாகை. சூரியனிலிருந்து 1.69 ஆக இருந்தது, அருகில் வந்ததால் இவ்வளவு உயர்ந்து தெரிகிறது.

இனி சோதனை. சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளி 115.755. செவ்வாய் 115.910. இன்னும் 0.155 பாகை பாக்கி. எதிர்ப்புள்ளி நாளுக்கு 1.02 பாகை முன்னே வருகிறது, வக்ரத்தில் இருக்கும் செவ்வாய் நாளுக்கு 0.40 பாகை பின்னே வருகிறது. இரண்டும் சேர்ந்து 1.42. ஆக 0.11 நாளில், அதாவது காலை 8 மணியை ஒட்டி இரண்டும் சந்திக்க வேண்டும். எதிர்நிலை ஜனவரி 16 என்று சொல்லப்பட்டதோடு கணக்கு ஒத்துப்போகிறது.

பஞ்சாங்கத்தோடு ஒப்பிட விரும்பினால் இரண்டு மாற்றம் தேவை. நம் எண் 2000-ஆம் ஆண்டின் சமஇரவுப் புள்ளியிலிருந்து அளந்தது. அந்தப் புள்ளி ஆண்டுக்கு 50.3 விகலை நகர்வதால் 25 ஆண்டுக்கு 0.35 கூட்டினால் 116.26. லாஹிரி அயனாம்சம் சுமார் 24.2 கழித்தால் 92.06. கடகத்தில் 2 பாகை, புனர்பூசம் நான்காம் பாதம். நாளுக்கு 0.4 பாகை பின்வாங்கினால் ஐந்து நாளில் மிதுனத்துக்குள் போக வேண்டும். திருக்கணிதப்படி செவ்வாய் மிதுனத்துக்குத் திரும்பியது ஜனவரி 21. வாக்கியப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு வேறுபாடு வந்தால் உங்கள் கணக்கைச் சந்தேகிக்க வேண்டாம், அதன் மாறிலிகள் பல நூற்றாண்டு பழையவை. அயனாம்சத்தைக் கழித்துவிட்டு 0.35-ஐக் கூட்ட மறப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை.

விட்டுப்போனவை

ஒளி செவ்வாயிலிருந்து வர 5 நிமிடம் 21 விநாடி ஆனது. அதற்குள் செவ்வாய் நகர்ந்ததால் வரும் வேறுபாடு சுமார் 15 விகலை. திருத்த நினைத்தால் செவ்வாயின் கணக்கை மட்டும் அவ்வளவு நேரம் முந்தைய கணத்துக்குத் திரும்பப் போட வேண்டும்.

பெரிய விடுபாடு வேறு. நீள்வட்டம் என்பது சூரியனும் ஒரே ஒரு கோளும் மட்டும் இருந்தால் வரும் பாதை. 1687-ல் நியூட்டன் காட்டிய ஈர்ப்பு எல்லாவற்றுக்கும் இடையே இயங்குவதால் ஒவ்வொரு கோளும் மற்றதை இழுக்கிறது. மேலே கொடுத்த மாற்ற எண்கள் அந்த இழுப்பின் மெதுவான பகுதியை மட்டும் பிடிக்கின்றன. செவ்வாய்க்கு மிஞ்சும் பிழை 40 விகலை அளவில்தான். இதே வகை அட்டவணையில் வியாழனுக்கு 400 விகலை, சனிக்கு 600 விகலை. வியாழன் ஐந்து சுற்றுச் சுற்றும் நேரத்தில் சனி ஏறக்குறைய இரண்டு சுற்று முடிப்பதால், ஒருவரையொருவர் இழுப்பது திரும்பத் திரும்ப அதே இடங்களில் நடந்து சேர்ந்துகொண்டே போகிறது. சுமார் 900 ஆண்டில் ஒரு முறை அலையும் இந்த விலகலின் காரணத்தை 1785-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் கண்டார். அந்த இரண்டு கோள்களுக்கும் இந்த முறையை அப்படியே போட்டால் 10 கலை வரை தவறும்.

நிலாவுக்கு இதைத் தொடவே வேண்டாம். சூரியன் இழுப்பதில் அதன் அண்மைப் புள்ளி 8.85 ஆண்டில் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுகிறது, கணுக்கள் 18.6 ஆண்டில். அந்தச் சுற்றைக் கோட்பாட்டிலிருந்து கணக்கிட்ட பிரெஞ்சுக் கணித அறிஞர் கிளேரோவுக்கு உண்மையில் பாதிதான் வந்தது. 1747-ல் ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டும் என்று சொன்னார். இரண்டு ஆண்டு கழித்து, சிறியவை என்று தள்ளிவிட்ட உறுப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது பாக்கிப் பாதியும் கிடைத்தது, விதி தப்பித்தது. விடை சரியாகப் பாதியாக வந்தால் விதியைப் பழிக்குமுன் எதைத் தள்ளினோம் என்று பார்ப்பது நல்லது. புதன் கதை நேர் எதிர். அதன் அண்மைப் புள்ளி நூற்றாண்டுக்கு நகரும் சுமார் 575 விகலையில் மற்ற கோள்களின் இழுப்பு 532-க்கு மட்டும் கணக்குச் சொல்கிறது. பாக்கி 43 விகலைக்கு எந்த உறுப்பைச் சேர்த்தும் பயனில்லை. அங்கே 1915-ல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலால் உண்மையிலேயே விதிதான் மாறியது.

முறை கைக்குப் பழக, விடை தெரிந்த இரண்டு நாட்களைப் போட்டுப் பாருங்கள். 2003 ஆகஸ்ட் 27, இந்திய நேரம் பிற்பகல் 3:20: தூரம் 0.3727 வானியல் அலகை ஒட்டி வர வேண்டும். செவ்வாய் அன்று அண்மைப் புள்ளிக்கு மிக அருகில் இருந்ததால் சராசரிக் கோணம் 360-ஐ நெருங்கும், கெப்லர் சமன்பாடு உடனே அடங்கிவிடும். அடுத்தது 2027 பிப்ரவரி 19, அடுத்த எதிர்நிலை. அதற்கு நாட்களை எண்ணும்போது 2025-க்கும் 2026-க்கும் லீப் நாள் கிடையாது.